ஆட்குறைப்பில் தப்பியவருக்கு ஏன் கோபம் வருகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்ப்பவர். அவருடைய டீமில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள், இவர் தப்பிவிட்டார். வீட்டில் அப்பா, "வேலை இருக்கே, அதுக்குச் சந்தோஷப்படு. சோறு போடுற இடத்தைப் பத்தித் தப்பாப் பேசாதே" என்கிறாராம். இவருக்கோ காலையில் கேட்டில் கார்டைத் தேய்க்கும்போதே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. நான் நன்றி கெட்டவனா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வேலை போன நண்பரைக் கூப்பிட்டுப் பேசவே கூச்சமாக இருக்கிறது, என்ன செய்வது?

நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் பல வருடம் இருந்தவன். இப்போது தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்கலாம். அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. அவர் தலைமுறையில் வேலை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் கைகாட்டிக் கிடைத்தது. மாமா மில்லில் சேர்த்துவிட்டார், ஊர்ப் பெரியவர் ஒரு கடிதம் கொடுத்தார், யூனியன்காரர் பேசி உள்ளே தள்ளினார். சம்பளத்தைப் 'படியளக்கிறது' என்று சொல்கிற வழக்கமும் அங்கே இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்த நன்றி பொய் இல்லை. ஆனால் அது ஒரு மனிதருக்குச் செலுத்திய நன்றி. சேர்த்துவிட்ட மாமாவுக்கு அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறிக் கடனைத் தீர்க்கலாம். 3 லட்சம், 5 லட்சம் பேர் வேலை செய்கிற நிறுவனத்துக்கு எந்தப் பந்தியில் பரிமாறுவது?

செஞ்சோற்றுக் கடன் என்று பேசுகிறவர்கள் கர்ணனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கர்ணன் கதை வேறு. கையில் ஒன்றுமில்லாமல், பிறப்பைச் சொல்லி அவமானப்பட்டு நின்றவனுக்கு முதலில் நாட்டைக் கொடுத்தான் துரியோதனன். அப்புறம்தான் கர்ணன் அவனுக்காக வில்லெடுத்தான். உங்களுக்கு மாதம் முழுக்க வேலை வாங்கிக்கொண்டுதான் கடைசி நாளில் சம்பளம் போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் மாதத்தின் 29 நாளும் நிறுவனம்தான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சரி, அப்படியானால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? தப்பியவர் சந்தோஷப்பட வேண்டியதுதானே?

1980-களில் அமெரிக்காவில் ஆலைகளும் அலுவலகங்களும் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் குறைத்த காலத்தில் ஜோயல் பிராக்னர் என்ற ஆய்வாளர், வேலை போனவர்களை விட்டுவிட்டு, எஞ்சி நின்றவர்களைப் பார்க்கத் தொடங்கினார். அதற்கு முன் நிர்வாகங்கள் நம்பியது ஒன்றுதான்: மிஞ்சியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு இன்னும் கூடுதலாக உழைப்பார்கள். அவர் கண்டது வேறு. போனவர்களோடு நெருக்கமாக இருந்தவர்கள், அவர்களை அனுப்பிய விதம் நியாயமில்லை என்று நினைத்தவர்கள், மனத்தளவில் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார்கள். 1992-ல் அவரும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இன்னும் கசப்பான ஒரு முடிவு வந்தது. ஆட்குறைப்பு நியாயமில்லாமல் நடந்தது என்று தோன்றியபோது மிக மோசமாக மனமுடைந்தவர்கள், அதற்கு முன் நிறுவனத்தின் மேல் அதிகப் பற்றோடு இருந்தவர்கள்தான். எப்போதுமே சம்பளத்துக்கு மட்டும் வந்துபோனவர்களுக்கு அவ்வளவு வலி இல்லை.

இதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்குறைப்பு முடிந்த மறுவாரம் கேன்டீனில் யார் சத்தமாகத் திட்டுகிறார்களோ அவர்களைப் பற்றி நிர்வாகம் கவலைப்படும். கவலைப்பட வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றுபோனால் கூப்பிடாமலே வருகிற ஆசாமி இப்போது சரியாக ஐந்தரைக்குப் பையைத் தோளில் மாட்டுகிறார் பாருங்கள், அவரைப் பற்றித்தான். அவர் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். கேட்டால் "நல்லா போகுது சார்" என்பார். அவ்வளவுதான், அந்த ஆள் முடிந்துபோனார்.

ஆக, உங்கள் எரிச்சலுக்கு அடியில் ஒரு காலத்தில் பற்று இருந்திருக்க வேண்டும். பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்தவர் நீங்கள். நன்றி கெட்டவருக்கு இவ்வளவு கோபம் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் இப்போது சிலர் திடீரென்று நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். குரூப் மெயிலில் "தலைமைக்கு நன்றி" என்பார்கள், ஊரே கலைந்த பிறகும் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அது நன்றியா, பயமா? அவர்களுக்கே தெரியாது. பயமும் கொஞ்ச காலம் வேலை வாங்கும். வேலை போகுமோ என்ற அச்சம் நடுத்தரமாக இருந்தபோது உழைப்பு கூடியதையும், அச்சமே இல்லாதபோதும் மிக அதிகமாக இருந்தபோதும் குறைந்ததையும் பிராக்னரின் இன்னொரு ஆய்வு காட்டியது. போவது உறுதி என்றால் யார் உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பார்கள்? நிர்வாகங்கள் இந்த நடுப்பகுதியிலேயே ஆட்களை வைத்திருக்கப் பழகிவிட்டன. அடுத்த சுற்று உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 விழுக்காடு, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. 2 விழுக்காடு என்பது தாளில் சின்ன எண்தான். ஆனால் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் 15 வருட அனுபவத்தோடு வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த 2-க்குள் தங்கள் பெயர் இருப்பதாகவே அன்று ராத்திரி படுத்திருப்பார்கள். அந்த நிறுவனத்தில் வேலையே பார்க்காதவர்களும்தான்.

இந்தக் காத்திருப்பு உடம்பைத் தின்னும். பிரிட்டன் அரசு ஊழியர்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வில் இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. அங்கே ஒரு துறையைத் தனியாருக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. யாருக்கும் இன்னும் வேலை போகவில்லை, போகுமா என்றும் தெரியவில்லை. அந்த நிலையிலேயே அந்தத் துறைக்காரர்கள் தங்கள் உடல்நலம் மோசமானதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மற்ற துறைகளில் அப்படி இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் "வேலைதான் இருக்கே" என்று உங்களை நீங்களே அதட்டாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோபம் எதன் மேல் என்று பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் 'எப்படிச் செய்தார்கள்' என்பதில்தான் போய் நிற்கும். 'என்ன செய்தார்கள்' என்பதை மனிதர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15 விழுக்காடு சம்பளக் குறைப்பு. ஓர் ஆலையில் தலைவரே வந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு ஆலையிலும் சின்னச் சின்னத் திருட்டுகள் கூடின. ஆனால் காரணம் சொல்லாத ஆலையில் கூடியது மிக அதிகம். குறைந்த பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நம் ஊர் ஐடியில் அந்தக் கால் மணி நேரம்கூடக் கிடையாது. மதியம் ஒரு மீட்டிங் அழைப்பு வரும், தலைப்பு 'டிஸ்கஷன்' என்று இருக்கும். போனால் மேனேஜர் இருக்க மாட்டார். முன்பின் பார்த்திராத எச்ஆர் ஒருவர் லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். ராஜினாமா மெயில் ஏற்கெனவே தட்டச்சு செய்து இருக்கும், அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. "இப்பவே அனுப்பினா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும், இல்லேன்னா டெர்மினேஷன்னு போட வேண்டி வரும்" என்பார். நீங்களாகவே விலகினீர்கள் என்று ஆகிவிட்டால், சட்டப்படி அது ஆட்குறைப்பே இல்லை. நோட்டீஸ், இழப்பீடு, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது என்ற வரிசை, மீண்டும் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை என்று சட்டத்தில் எழுதி வைத்த எதுவும் உங்களைத் தொடாது. அறைக்கு வெளியே நின்ற நீங்கள், நண்பர் முகத்தைப் பார்த்தீர்கள். கோபம் வராவிட்டால்தான் ஏதோ கோளாறு.

இந்த நன்றி, கசப்பு விவகாரம் ஐடியைவிடத் துலக்கமாகத் தெரிகிற இடம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் 1981-லேயே ஒரு சட்டம் வந்தது: 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. நல்ல சட்டம். அதை எப்படிக் கடந்தார்கள் என்று தொழிற்பேட்டைக்குப் போனால் தெரியும். 480-ஐ நெருங்கும்போது 'பிரேக்' கொடுப்பார்கள், அல்லது கான்ட்ராக்டர் பெயர் மாறும். பையன் அதே லைனில் அதே ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருப்பான், கார்டில் மட்டும் புதுப் பெயர். பக்கத்தில் நிற்கிற நிரந்தரக்காரருக்கு இவனைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சம்பளம். இவனிடம் போய்க் கேளுங்கள், பிரேக்குக்கு அப்புறம் திரும்ப எடுத்துக்கொண்ட சூப்பர்வைசரைத் தெய்வம் மாதிரிப் பேசுவான். "அண்ணன்தான் திரும்ப உள்ள எடுத்தாரு." தனக்குச் சேர வேண்டியதைத் தட்டிப் பறித்த ஏற்பாடு, கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்போது அது உதவியாகத் தெரிகிறது. அவனைக் குறை சொல்லவில்லை, அந்த அண்ணன் உண்மையிலேயே நல்லவராகக்கூட இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், இனி அவன் ஏதாவது கேட்டால் அது அந்த அண்ணனுக்குச் செய்கிற துரோகமாகிவிடும். ஊரில் அவர் வீடும் இவன் வீடும் அடுத்தடுத்த தெருவில் இருக்கும்.

அரசு வேலையிலும் இது நடந்திருக்கிறது. மக்கள் நலப் பணியாளர்கள் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1989-ல் அமைந்த தி.மு.க. ஆட்சியில் கிராம அளவில் நியமிக்கப்பட்டார்கள். 1991-ல் அ.தி.மு.க. வந்ததும் நீக்கப்பட்டார்கள். 1996-க்குப் பிறகு மீண்டும் வேலை, 2001-ல் மீண்டும் நீக்கம், 2006-ல் மீண்டும் வேலை, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் ஒரே உத்தரவில் வெளியே. அப்புறம் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றம். 2022-ல் ஊரக வேலைத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய்க்கு வாய்ப்பு தரப்படும் என்று அரசு சொன்னது. இருபதுகளில் சேர்ந்தவர்கள் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு கட்சியின் மேல் தீராத நன்றி, இன்னொரு கட்சியின் மேல் தீராத வன்மம். இரண்டுக்குமே காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் பார்வையில் அவர்கள் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு: ஆட்சி மாறினாலும் அசைக்க முடியாத பணி விதிகளோடு இந்த வேலையை ஏன் எந்த ஆட்சியும் கட்டிக் கொடுக்கவில்லை? கொடுத்தவர்களை நோக்கி அந்தக் கேள்வியைக் கேட்க நன்றி இடம் கொடுக்கவில்லை. எடுத்தவர்களை நோக்கிக் கேட்டபோது அது கட்சிச் சண்டையாகப் போய்விட்டது.

இதற்கு நேரெதிராக மறைமலைநகர். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள், சங்கம் இருந்தது. சட்டம் சொல்கிற குறைந்தபட்ச இழப்பீடு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பேச்சுவார்த்தையில் நிறுவனம் முன்வைத்ததே ஆண்டுக்கு நூறு நாளைத் தாண்டியது. அது போதாதென்று போராடினார்கள், 2022 மே இறுதியில் வேலையையும் நிறுத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் "இவ்வளவு கொடுத்தும் பேராசை" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வயதில் இன்னொரு கார் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைக்காது என்று தெரிந்தவர்கள், மிச்ச ஆயுளுக்குக் கணக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே வேலை பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் ஃபோர்டைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். வேலை கற்றுக்கொண்டது, சேஃப்டி, பஸ், கேன்டீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எதிரே உட்கார்ந்து பேரம் பேச முடிந்தவர்களுக்கு நன்றியும் இயல்பாக வருகிறது. யாரும் கேட்டு வாங்கவில்லை.

கோபத்துக்கு முகவரியே கிடைக்காத இடமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் 8,000 பேர் வரை இருந்தார்கள், பாதிக்கு மேல் கிராமத்துப் பெண்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. வரி வழக்கு, முடக்கப்பட்ட சொத்து, அதனால் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை விடுபட்டது. யார் மேல் கோபப்படுவது? பின்லாந்து மேலா, வருமான வரித் துறை மேலா? முகவரி கிடைக்காத கோபம் வீட்டுக்குத் திரும்பும். "நான்தான் ராசி இல்லாதவள்" என்று சொன்ன பெண்ணை எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. ஆட்குறைப்பை முடிவு செய்தவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். கண்ணில் படுவது மேனேஜர், புதிதாக வந்த ஜூனியர், அதிகச் சம்பளம் வாங்குவதாக நீங்கள் நினைக்கிற சக ஊழியர், ராத்திரி வீட்டில் மனைவி, குழந்தை. கோபம் அங்கேதான் கொட்டும். இன்னும் மோசமானது, போனவரே ஏதோ தப்புச் செய்திருப்பார் என்று நம்பத் தொடங்குவது. "அவன் கொஞ்சம் ஸ்லோதான்" என்று டீமில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். அப்படி நம்பினால், நான் ஸ்லோ இல்லை, எனக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம் பாருங்கள்.

ஆகவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நன்றியை மனிதர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை கற்றுக்கொடுத்த சீனியர், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவைப் பற்றி வாயே திறக்காத மேனேஜர், அவர்களுக்கு அது சேர வேண்டியதுதான், நிறுவனம் செய்த தவறுக்காக அவர்களிடம் முகத்தைத் திருப்பாதீர்கள். கோபத்தைக் கேள்வியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். எந்த அளவுகோலில் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்? அடுத்த சுற்று உண்டா? போனவர்களின் வேலையை யார் செய்வது, அதற்கு என்ன? இதைத் தனியாகக் கேட்டால் 'ஆட்டிட்யூட் பிரச்சினை' என்பார்கள், ஐந்து பேராகக் கேட்டால் பதில் வரும். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் ஐடி நிறுவனங்களுக்கும் பொருந்தும், சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, ஆண்டுக்கு 15 நாள் என்ற குறைந்தபட்சம் அதிலும் இருக்கிறது. மூடுவதற்கும் ஆட்குறைப்புக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிற வரம்பு மட்டும் 100 பேரிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது, அதுவும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். அனுமதி என்ற பாதுகாப்பை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் மதிப்பீடு எல்லாம் உங்கள் சொந்தக் கையில் இப்போதே இருக்கட்டும், ஏனென்றால் அந்த மீட்டிங் முடிவதற்குள் லாகின் போய்விடும். உங்களுக்கும் ஒரு நாள் அந்த லேப்டாப் திரும்பினால், அந்த அறையில் வைத்து எதையும் அனுப்பாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

போன நண்பர் விஷயம். கூச்சத்தை விட்டுவிட்டு இன்றைக்கே கூப்பிடுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ரெஸ்யூமேயை அனுப்பச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்த நாலு இடத்துக்கு நீங்களே தள்ளிவிடுங்கள். பிஎஃப் கணக்கில் விலகிய தேதி சரியாக ஏறியிருக்கிறதா, குடும்பத்துக்கு இருந்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று கேளுங்கள், வேலை போன அதிர்ச்சியில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் முடித்தவர் என்றால் கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ராஜினாமா என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது உண்டு. வரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை.